நெரிசல் கட்டணம்: வேண்டுமா என்பதல்ல, யார் தருவது என்பதே கேள்வி

இந்தியப் பெருநகரங்களில் 'நெரிசல் கட்டணம்' என்ற சொல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுவதும், உடனே எழும் கூச்சலில் மறைந்து போவதும் வழக்கமாகிவிட்டது. 2023 செப்டம்பரில், கர்நாடகத்தை ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரமாக உயர்த்தும் வழிகளை வகுத்துரைத்த ஓர் அறிக்கை, பெங்களூருவின் ஒன்பது முக்கியச் சாலைகளில் உச்ச நேரத்தில் ஓடும் வாகனங்களுக்கு நெரிசல் வரி விதிக்கலாம் என்றது. 2024 அக்டோபரில் தில்லி அரசின் போக்குவரத்துத் துறை, தலைநகரின் எல்லையில் 13 இடங்களில் காலையும் மாலையும் இத்தகைய வரியை வசூலிக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசியது. இரண்டும் பேச்சளவில் நின்றன. ஆனால் இரண்டு முறையும் ஒரே பதில்தான் ஓங்கி ஒலித்தது: சாலை வரி கட்டுகிறோம், எரிபொருள் வரி கட்டுகிறோம், சுங்கம் கட்டுகிறோம், இனி நெரிசலில் நிற்பதற்கும் பணமா?

இந்தக் குரலோடு இடதுசாரி இயக்கத்தின் குரலும் சில வேளைகளில் சேர்ந்துகொள்கிறது. மக்கள் மீது ஏற்றப்படும் புதிய சுமை எதுவாயினும் எதிர்ப்பது என்பது உழைக்கும் மக்களின் இயக்கத்துக்கு இயல்பான முதல் அசைவு. அதில் குற்றம் காண இடமில்லை. ஆனால் அந்த முதல் அசைவே ஆராயப்படாமல் நிலைப்பாடாக உறைந்துவிட்டால், இயக்கம் தன்னை அறியாமலே காரில் போகிறவரின் வழக்கறிஞராக மாறிவிடும். மறுபுறம், சுற்றுச்சூழல் அக்கறையின் பெயரால் நெரிசல் கட்டணத்தை அப்படியே வரவேற்பவர்கள், சாலையையும் சந்தைச் சரக்காக்கும் நவதாராளவாத ஏற்பாட்டுக்குக் கதவைத் திறந்து விடுகிறார்கள். இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. சாலைக்கு இன்றுவரை விலையே இல்லை, இனிதான் விலை வரப்போகிறது என்று இரு தரப்பும் எண்ணிக்கொள்கின்றன.

உண்மை வேறு. சாலைக்கான விலை நெடுங்காலமாக வசூலிக்கப்பட்டு வருகிறது. அதைத் தருபவர் ஒருவர். அதன் பலனை நுகர்பவர் வேறொருவர்.

'பொதுமக்கள்' என்பவர் யார்?

நெரிசல் கட்டணத்தைப் 'பொதுமக்கள் எதிர்க்கிறார்கள்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்தப் பொதுமக்கள் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உழைப்பாளர் வேலைக்கு எவ்வாறு செல்கின்றனர் என்பதைக் கேட்டறிந்தது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் சாராத சுமார் 20 கோடிப் பேரில், நடந்தே செல்வோர் ஏறத்தாழ 23 விழுக்காடு. சைக்கிளில் செல்வோர் 13 விழுக்காடு, மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனத்தில் செல்வோர் ஏறத்தாழ அதே அளவு, பேருந்தில் செல்வோர் 11 விழுக்காடு. கார், ஜீப், வேன் மூன்றிலும் செல்வோரைக் கூட்டினாலும் 3 விழுக்காட்டை எட்டவில்லை. அதன் பின் வாகனங்கள் பெருகியுள்ளன என்பது மெய்யே. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 100 குடும்பங்களில் கார் வைத்திருப்பவை ஏறத்தாழ 8 மட்டுமே. பெருநகரங்களில் இந்த விகிதம் கூடுதலாக இருக்கலாம். அங்கும் கார் வைத்திருப்போர் சிறுபான்மையினரே.

இந்தச் சிறுபான்மையின் கருத்து எவ்வாறு 'பொதுக் கருத்து' என்ற பட்டத்தைப் பெறுகிறது என்பதற்குத் தில்லியில் ஒரு பாடம் இருக்கிறது. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2008இல் பேருந்துகளுக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. சைக்கிளுக்கும் நடந்து செல்வோருக்கும் தனிப் பாதை அமைந்தது. வடிவமைப்பிலும் நடைமுறையிலும் குறைகள் இருந்தன. ஆயினும் பேருந்துப் பயணிக்குச் சாலையில் ஓர் இடம் உண்டு என்று அந்நகரம் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. முதல் நாளிலிருந்தே ஆங்கில நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதற்கு எதிராகப் போர் தொடுத்தன. பேருந்துக்குள் இருந்தவர் முன்னைவிட வேகமாக வீடு சேர்ந்தது செய்தியாகவில்லை. காருக்குள் இருந்தவர் கூடுதலாகக் காத்திருந்தது தலைப்புச் செய்தியாயிற்று.

விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. நாட்டின் செல்வத்தைப் படைப்பவர்கள் காரில் செல்பவர்களே, அவர்களுடைய நேரம் வீணாகிறது என்ற பொருள்பட அங்கே வாதம் வைக்கப்பட்டது. நெசவாலையிலும் கட்டுமானத் தளத்திலும் மருத்துவமனைக் கூடத்திலும் செல்வத்தைப் படைத்துவிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அந்த வாதத்தில் இடம்பெறவில்லை. 2012 அக்டோபரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தில் பேருந்துப் பயணி வென்றார், அரசியலில் தோற்றார். 2015இல் ஆட்சிக்கு வந்த ஆம் ஆத்மி அரசு அத்தடத்தை அகற்ற முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு அது இடிக்கப்பட்டது. அன்றாடம் அத்தடத்தில் பயணித்த பேருந்துப் பயணிகளைத் திரட்டி வீதிக்குக் கொண்டுவர எந்த அமைப்பாலும் இயலவில்லை. இடதுசாரி இயக்கமும் இதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த இடிப்பில் நெரிசல் கட்டணம் என்ற சொல்லே இல்லை. ஒருவர் பையிலிருந்தும் ஒரு காசு கேட்கப்படவில்லை. சாலையின் ஒரு பகுதியைப் பேருந்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கப்பட்டது. அதற்கே அத்தனை எதிர்ப்பு. அப்படியாயின், நெரிசல் கட்டணத்துக்கு எதிராக எழும் கோபத்தில் பணம் ஒரு பகுதிதான். சாலை தனக்கே உரியது என்ற உடைமை உணர்வும் அதில் கலந்திருக்கிறது.

ஏற்கெனவே வசூலாகும் விலை

மும்பையை எடுத்துக்கொள்ளலாம். அந்நகரின் ஐந்து நுழைவாயில்களில் இருந்த சுங்கச்சாவடிகளில் 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் கார்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். எல்லாக் கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு அதை வரவேற்றன. ஏழு மாதம் முடிவதற்குள், 2025 மே மாதத்தில், அதே நகரின் பெஸ்ட் பேருந்துகளில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக, அதாவது இருமடங்காக உயர்த்தப்பட்டது. குளிரூட்டப்பட்ட பேருந்தில் 6 ரூபாய் 12 ரூபாயாயிற்று. காரில் நுழைபவருக்குச் சலுகை, பேருந்தில் ஏறுபவருக்கு இரட்டிப்பு. இதைச் சாலைக் கட்டணம் என்று எவரும் அழைக்கவில்லை. ஆயினும் அது அதுவே.

அதே மும்பையில் சுமார் 14 ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில் கடற்கரைச் சாலை கட்டப்பட்டது. அதில் சுங்கம் கிடையாது; இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியும் கிடையாது. நகராட்சிப் பணம் எல்லோருடையது, சாலை கார்களுடையது. இதற்கிடையில் பெஸ்ட் நிறுவனத்தின் சொந்தப் பேருந்துகள் மூவாயிரத்துக்கு மேலிருந்த நிலையிலிருந்து சில நூறாகச் சுருங்கின. அவ்விடத்தை, வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரருடையதாக இருக்கும் வாடகைப் பேருந்துகள் நிரப்பின. பேருந்தில் இடம் கிடைக்காதவர் புறநகர் ரயிலின் வாசலில் தொங்குகிறார். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசல் மிகுந்த ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் தண்டவாளத்தில் விழுந்து மாண்டனர். நெரிசலின் விலையைப் பற்றிப் பேசுவோர் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பெங்களூருவில் கதை மாறவில்லை. 2025 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. அடுத்த மாதம் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாயிற்று. அதே ஆண்டில் ஹெப்பாள் முதல் சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டருக்கு, 17 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலான மதிப்பீட்டில் சுரங்கச் சாலை அமைக்கும் ஏற்பாடு சூடுபிடித்தது. மேம்பாலமும் சுரங்கச் சாலையும் நெரிசலைத் தீர்ப்பதில்லை. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு இடம் மாற்றுகின்றன. முதலாளித்துவ நகரம் தன் பிரச்சினைகளைத் தீர்க்காமல் வேறிடத்துக்குத் தள்ளிவைக்கும் இந்த இயல்பை, பாரிஸ் நகரின் சாலை விரிவாக்கத்தை முன்வைத்து 1872லேயே எங்கெல்ஸ் சுட்டிக்காட்டினார்.

நெடுஞ்சாலையிலும் இதே வர்க்கச் சாய்வு. 2025 ஜூலையில், 276 கோடி ரூபாய்ச் சுங்கக் கட்டண நிலுவைக்காகத் தென் தமிழகத்தின் நான்கு சுங்கச்சாவடிகளில் அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு அவகாசம் கேட்ட பின் அது நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 15 அன்று, ஒன்றிய அரசு சொந்தக் கார்களுக்கு ஆண்டு அனுமதி அட்டையை அறிமுகப்படுத்தியது: 3,000 ரூபாய் கட்டினால் 200 முறை சாவடியைக் கடக்கலாம், ஒரு முறைக்கு 15 ரூபாய். ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் அரசுப் பேருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. காய்கறி ஏற்றி வரும் லாரிக்கும் கிடையாது. லாரி கட்டும் சுங்கம் தக்காளி விலையில் ஏறி, வாழ்நாளில் சுங்கச்சாவடியையே பார்க்காதவர் வீட்டு அடுப்படி வரை வந்து சேர்கிறது.

பணத்தால் தரும் விலையோடு இது முடியவில்லை. 2022இல் நாட்டின் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். பேருந்து வராததால் தவணையில் வண்டி வாங்கியவரும், நடைபாதை இல்லாததால் தார்ச்சாலையில் இறங்கி நடந்தவரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். உச்ச நேரத்தில் நிறைமாதக் கர்ப்பிணி பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நிற்பதும் ஒரு கட்டணம்தான். அதற்கு ரசீது தரப்படுவதில்லை.

சாலை ஒரு நிலம்

நெரிசலின் வேர் எங்கே? சாலை என்பது நகரிலேயே மிக விலையுயர்ந்த பொது நிலம். அதில் ஒவ்வொருவரும் எவ்வளவு இடத்தை ஆக்கிரமிக்கிறார் என்பதே மூலக் கேள்வி. ஒன்றிய அரசின் 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே இதை ஒப்புக்கொண்டது. நாற்பது பேரை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கு, ஓரிருவர் செல்லும் காருக்குக் கிடைக்கும் இடத்தைப் போல் இரண்டரை மடங்குதான் கிடைக்கிறது என்று அது குறிப்பிட்டது. சாலையில் முன்னுரிமை மனிதர்களுக்கு, வாகனங்களுக்கு அல்ல என்றும் அறிவித்தது. இருபது ஆண்டுகளாக அது காகிதத்தில் இருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் காரும் நிலத்தை விழுங்குகிறது. சாலையோரத்தில் ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். இரவு முழுவதும் அது இலவசம். பல தெருக்களில் பகலிலும் இலவசம். அதே ஓரத்தில் சில சதுர அடியில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்கும் பெண்ணுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமச் சான்று வேண்டும். சான்று பெற்ற பின்னும் மாமூல் தர வேண்டும்; தந்த பின்னும் ஒரு நாள் வண்டியைத் தூக்கிச் செல்வார்கள். காரணம் கேட்டால், போக்குவரத்துக்கு இடையூறு என்பார்கள். பொது நிலத்தில் பிழைப்பு நடத்துபவர் ஆக்கிரமிப்பாளர், பொது நிலத்தில் சொத்தை நிறுத்தி வைப்பவர் குடிமகன் என்ற இந்தத் தீர்ப்பை எந்த நீதிமன்றமும் எழுதவில்லை. வர்க்க சமூகம் அதை அன்றாடம் எழுதுகிறது.

ஆகவே, இந்தச் சலுகை பெற்ற ஆக்கிரமிப்பின் மீது கட்டணம் விதிப்பதை 'மக்கள் மீதான சுமை' என்று இடதுசாரிகள் அழைக்க வேண்டியதில்லை.

சந்தை வாதத்தின் பொய்

இத்துடன் நின்றுவிட்டால், மறுபக்கத்துப் பொறியில் விழ நேரிடும். நெரிசல் கட்டணம் என்ற கருத்தின் மூலவர்களில் ஒருவர், 1996இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற வில்லியம் விக்ரி. அவர் வழிவந்த வாதம் எளியது. சாலையிடம் குறைவு, கேட்பவர் மிகுதி, விலை வைத்தால், தன் பயணத்தை அதிகம் மதிப்பவர் பணம் தந்து போவார், மற்றவர் ஒதுங்குவார், எல்லோருக்கும் நன்மை.

இந்த வாதத்தில் ஒரு கைச்சாலம் இருக்கிறது. 'அதிகம் மதிப்பவர்' என்பதும் 'அதிகம் தரவல்லவர்' என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. நூறு ரூபாய் ஒருவருக்கு ஒரு காபியின் விலை. இன்னொருவருக்கு இரண்டு மணி நேரக் கூலி. மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் விரைபவரும், உணவகத்துக்குத் தனிக் காரில் செல்பவரும் ஒரே சாவடியில் ஒரே தொகையைச் செலுத்தினால், ஒதுங்குபவர் யார் என்பதைக் கண்டறியப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. மாற்றுப் பேருந்து இல்லாத நகரில் எல்லா வண்டிகள் மீதும் கட்டணம் விதித்தால், சாலை காலியாகும். காலியான சாலையில் செல்வந்தர் விரைவார். அது பொது நிலத்தை ஏலம் விடுவதற்கு ஒப்பாகும்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தில்லிக்குள் நுழையும் சரக்கு வாகனங்களுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. சிறிய லாரிக்கு 700 ரூபாய், பெரிய லாரிக்கு 1,300 ரூபாய். இரண்டே மாதத்தில் அது இருமடங்காயிற்று. அதே எல்லையைக் கடக்கும் சொந்தக் காருக்கு ஒரு காசும் இல்லை. இப்படித் திரண்ட பணத்தின் பெரும்பகுதி, காற்று நஞ்சாகிக்கொண்டிருந்த அந்நகரிலேயே, பல ஆண்டுகள் செலவிடப்படாமல் கிடந்தது. பேருந்து எண்ணிக்கையை 2001 ஏப்ரலுக்குள் பத்தாயிரமாக உயர்த்த வேண்டும் என்று 1998 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் தில்லிக்கு உத்தரவிட்டிருந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது, பத்தாயிரம் வரவில்லை. கட்டணத்தை உத்தரவிட்டால் மறுநாளே வசூலாகிறது. பேருந்தை உத்தரவிட்டால் தலைமுறை கடந்தும் வருவதில்லை.

பிற நகரங்களின் பாடம்

மக்கள் மனப்பான்மை மாறவே மாறாது என்பார்க்கு இரண்டு நகரங்களை நினைவூட்டலாம். லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்தவர் கென் லிவிங்ஸ்டன். தொழிற்கட்சியின் இடதுசாரி அணியைச் சேர்ந்த அவர், கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளரை எதிர்த்துத் தனித்து நின்று மேயரானவர். கட்டணம் தொடங்கிய நாளிலேயே ஏறத்தாழ 300 கூடுதல் பேருந்துகள் ஓடின. நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. நகரம் முடங்கும் என்று ஆரூடம் கூறிய நாளிதழ்கள் விரைவில் வேறு செய்தி தேடிக்கொண்டன.

ஸ்டாக்ஹோமில் தொடக்கத்தில் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். 2005 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 புதிய பேருந்துகள் முதலில் வந்தன; 2006 ஜனவரியில்தான் கட்டணம் சோதனையாகத் தொடங்கியது. ஏழு மாதங்கள் மக்கள் அதை வாழ்ந்து பார்த்தனர். வாகன ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் சிறு பெரும்பான்மையில் ஆம் என்றனர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அப்போது ஆட்சிக்கு வந்த வலதுசாரிக் கூட்டணி கட்டணத்தைத் தொடர்ந்தது. வருவாயைப் புதிய சாலைகளுக்குத் திருப்பியது. பேருந்தால் வென்றெடுத்த ஆதரவு கார்ச் சாலைக்குச் செலவாயிற்று.

எடின்பரோ 2005இலும் மான்செஸ்டர் 2008இலும் வாக்கெடுப்பு நடத்தின. அங்கே வாக்குறுதிகள் முன்வைக்கப்பட்டன. மக்கள் அனுபவித்துப் பார்க்க எதுவும் தரப்படவில்லை. நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றனர். பேருந்து முதலில் வரட்டும், பின்னர் கட்டணம் என்று மக்கள் கேட்பது பிற்போக்கு ஆகாது. ஏமாந்த அனுபவத்திலிருந்து பிறந்த அறிவு அது.

தோழர்களின் தயக்கத்துக்கு விடை

இரண்டு ஆட்சேபங்கள் நேர்மையானவை. அவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதலாவது: இன்று கார் வைத்திருப்போரில் தவணை கட்டித் திணறும் ஊழியர்களும் உண்டு; அவர்களை எதிரிகளாக்கலாமா? ஆக்க வேண்டியதில்லை. அவரைக் கார் வாங்க வைத்தது பேருந்தின் இன்மை. நம்பத்தக்க பேருந்து வந்தால் முதலில் பயனடைபவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவருடைய இன்றைய வசதிக்காக, அவரைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையிலான பேருந்துப் பயணிகளின் உரிமையை ஒத்திவைக்க முடியாது. நடுத்தர வர்க்கத்தை அணிதிரட்டுவது என்பது அதன் தப்பெண்ணங்களுக்குப் பின்னால் நடப்பதன்று.

இரண்டாவது: இருசக்கர வாகனத்தில் உணவும் மளிகையும் கொண்டுசெல்லும் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், வாடகைக் கார் ஓட்டுநர் ஆகியோரின் பிழைப்பு என்னவாகும்? இந்தக் கேள்வி மிகச் சரியானது. இவர்கள் மீது ஒரு ரூபாய்க் கட்டணமும் விழக் கூடாது. பத்து நிமிடத்தில் பொருள் சேர்ப்போம் என்று விளம்பரம் செய்து, ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சாலையில் இறக்கி, ஒரு வண்டியும் தம்முடையதில்லை என்று கைவிரிக்கும் செயலி நிறுவனங்கள்தாம் அதைச் செலுத்த வேண்டும். அதை ஓட்டுநரின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

எந்த வரிசையில், எந்த நிபந்தனையில்

இடதுசாரி இயக்கத்தின் நிலைப்பாடு இந்த வரிசையில் அமைவது பொருத்தம். வரிசை மாறினால் பொருளே மாறிவிடும்.

முதலில் பேருந்து. ஒரு லட்சம் மக்களுக்கு 60 பேருந்து என்பது ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் வகுத்த அளவுகோல். ஒவ்வொரு பெருநகரமும் அதை எட்ட வேண்டும். அவை பொதுத்துறைப் பேருந்துகளாக, நிரந்தரத் தொழிலாளர்களால் இயக்கப்பட வேண்டும். 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த பத்தாயிரம் மின்பேருந்துத் திட்டம் தனியார் ஒப்பந்த முறையைச் சார்ந்தது. அதன் வழியே வரும் பேருந்து, போக்குவரத்துத் தொழிலாளியின் வேலையைப் பறித்துக்கொண்டு வருகிறது. பேருந்து, மெட்ரோ கட்டண உயர்வுகள் திரும்பப் பெறப்பட வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் எங்கும் விரிய வேண்டும்.

இரண்டாவது, சாலையில் இடம். முக்கியச் சாலைகளில் பேருந்துக்குத் தனித்தடம், தொடர்ச்சியான நடைபாதை, சைக்கிள் பாதை. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அரசியல் துணிவு தேவை.

மூன்றாவது, பொது நிலத்தில் நிறுத்தப்படும் சொந்தக் காருக்கு நிலத்தின் மதிப்புக்கு ஏற்ற நிறுத்தக் கட்டணம். சாலையோர வியாபாரிக்குச் சட்டப்படியான இடம்.

நான்காவதாகத்தான் நெரிசல் கட்டணம். அது உச்ச நேரத்தில் நகர மையத்தில் ஓடும் சொந்தக் கார்கள் மீதும் செயலி நிறுவனங்கள் மீதும் மட்டும் விழ வேண்டும். இருசக்கர வாகனம், ஆட்டோ, பேருந்து, நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி, மாற்றுத்திறனாளியின் வாகனம், அத்தியாவசியச் சரக்கு ஆகியவற்றுக்கு முழு விலக்கு வேண்டும். வசூல் தனியார் ஒப்பந்தக்காரரிடம் போகக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சியின் தனி நிதியில் சேர்ந்து, ஆண்டுதோறும் தணிக்கையாகி, பேருந்துக்கு மட்டுமே செலவாக வேண்டும். வாகனங்களின் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் கருவிகள் காவல்துறையின் கண்காணிப்புக் கருவிகளாக மாறாமல் சட்டம் தடுக்க வேண்டும்.

முதல் மூன்றும் இல்லாமல் நான்காவது மட்டும் வந்தால், அதை உறுதியாக எதிர்க்க வேண்டும். முதல் மூன்றும் நிறைவேறிய பின் நான்காவது வரும்போது கார்களின் கூச்சலுக்கு இயக்கம் துணைபோகக் கூடாது.

இதற்கான போராட்டம் அறிக்கையில் தொடங்குவதில்லை. பேருந்துப் பயணி இன்று அமைப்பில்லாதவர். காத்திருந்து, நெருக்கப்பட்டு, இறங்கிக் கலைந்துவிடுபவர். தில்லியில் தடம் இடிக்கப்பட்டபோது அவர் சார்பில் நிற்க ஆளில்லாமல் போனது இதனால்தான். கிளைகள் தம் பகுதியின் ஒரு சந்திப்பில், காலை எட்டு முதல் ஒன்பது வரை, பத்துத் தோழர்களை நிறுத்தி, கடந்து செல்லும் வாகனங்களை எண்ணாமல் மனிதர்களை எண்ணட்டும். காரில் எத்தனை பேர், பேருந்தில் எத்தனை பேர், வண்டியில் எத்தனை பேர், காலால் எத்தனை பேர். யாருக்கு எத்தனை அடி அகலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அதே பேருந்து நிறுத்தத்தில் ஒட்டட்டும். போக்குவரத்துத் தொழிற்சங்கம் பணிமனை வாசலில் அதை வாசிக்கட்டும். மாநகராட்சி உறுப்பினரிடம் அதைக் கையில் கொடுத்து விடை கேட்கட்டும்.

நெரிசல் கட்டணத்தைப் பற்றிய அடுத்த அறிவிப்பு எந்த நகரிலிருந்தும் எந்த நாளும் வரலாம். அன்று 'பொதுமக்கள் கருத்து' என்ற பெயரில் பேசப்போவது கார்ச் சன்னலின் பின்னிருந்து வரும் குரலா, பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் குரலா என்பது, அதற்கு முன் இயக்கம் எந்த இடத்தில் போய் நின்றது என்பதைப் பொறுத்தது.